பெரிய நிறுவனத்தைத் திறமூல இயங்குதளத்துக்கு இணங்க வைப்பது எப்படி? மண்டபத்திலிருந்து ஒரு கேள்வி

மண்டபம்_கணினிப்பிரிவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இறால், கணவாய், நண்டு ஆகியவற்றைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது. தொண்டி முதல் ஏர்வாடி வரை நம் கரையிலுள்ள கொள்முதல் நிலையங்கள், பதப்படுத்தும் கூடங்கள், குளிர்பதனக் கிடங்குகள் அனைத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 400 கணினிகள் என் பொறுப்பில் உள்ளன.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்பதால், எங்கள் கணினிகளில் பாதிக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தும் கழிக்கப்பட வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்க விலைப்புள்ளி கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்துள்ளது. அதற்கு மாற்றாக, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைக்கலாம் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும், இலவசமாகக் கிடைப்பதை நம்பி ஏற்றுமதியை நடத்த முடியாது என்ற ஒற்றை வரியுடன் கோப்பு திரும்பி வந்தது.

நான் கேட்பது தொழில்நுட்ப உதவி அன்று. பெரிய நிறுவனம் ஒன்றின் நிர்வாகத்திடம் இதை எப்படிச் சொன்னால், எதை முன்னே எதைப் பின்னே சொன்னால் காது கொடுப்பார்கள் என்பதைப் பட்டறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

---

கீழக்கரை_காக்கா எழுதியது:

தம்பி, உங்கள் கோப்பில் "இலவசம்" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்து, முதலில் அதை எடுத்துவிடுங்கள். வளைகுடாவில் ஒரு வங்கியின் சர்வர் அறையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன். பணம் மிச்சமாகும் என்று நீங்கள் எழுதினால், நிர்வாகம் உரிமம் விற்பவரை அழைத்துத் தள்ளுபடி கேட்கும். அவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். உங்கள் கோப்பு அத்துடன் மூடப்படும். நான் இருந்த இடத்தில் இது மூன்று முறை நடந்தது.

நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. படகு கட்டவும் வலை எடுக்கவும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர், பிடித்து வருவதை அவருக்கே போட்டாக வேண்டும். பக்கத்து ஏலத்தில் கூடுதல் விலை போனாலும் அவர் வேடிக்கைதான் பார்க்க முடியும். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். வட்டி முழுவதும் மீனின் விலையில் இருக்கிறது. பத்து ஆண்டுக் கோப்புகளை ஒரே ஒருவருடைய மென்பொருள் மட்டுமே சரியாகத் திறக்கும் வடிவத்தில் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனமும் அந்தப் படகுக்காரரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். இதை உங்கள் நிர்வாகிகளுக்கு விளக்க வேண்டிய அவசியமே இராது. அவர்கள் முன்பணம் கொடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லவா?

அடுத்து, இது ஏதோ மாணவர்களின் விளையாட்டு என்ற எண்ணம். லினக்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் 2017 நவம்பர் முதல் வேகத்தில் உலகின் முதல் 500 மீகணினிகள் (சூப்பர் கம்ப்யூட்டர்கள்) அனைத்தும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் நிர்வாகியின் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் அதே கர்னல்தான் (இயங்குதளத்தின் கரு). ஐபிஎம் நிறுவனம், லினக்ஸை ஆதரவுடன் விற்கும் ரெட்ஹேட்டை 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசப் பொருளுக்கு அவ்வளவு விலை எப்படி வந்தது என்று கேட்பார்கள். நீண்ட கால ஆதரவுக்கும், பழுது வந்தால் பொறுப்பேற்பதற்கும் ஒப்பந்தம் போட்டு விற்கும் தொழிலின் விலை அது என்று பதில் சொல்லுங்கள்.

நமக்கு எதிர்க்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. லண்டன் பங்குச் சந்தை விண்டோஸ் அடிப்படையிலான தன் வர்த்தக அமைப்பைக் கைவிட்டு, இலங்கையின் மில்லேனியம் ஐடி நிறுவனம் லினக்ஸின் மேல் உருவாக்கிய அமைப்புக்கு 2011 பிப்ரவரியில் மாறியது. அதற்காக அந்த நிறுவனத்தையே 2009இல் வாங்கியும் விட்டது. 2008 செப்டம்பரில் ஒரு நாளின் பெரும்பகுதி அங்கே வர்த்தகம் நின்றுபோயிருந்தது. அதற்கு இயங்குதளமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வேகமும் கட்டுப்பாடும் தம் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

---

தொண்டி_கணக்கர் எழுதியது:

காக்கா சொன்னதெல்லாம் சர்வர் அறையின் கதை. அதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் மண்டபம் நண்பர் கேட்பது கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களின் மேசையைப் பற்றியது.

நான் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே முறையாக நிறுவப்படுகிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு, தாக்கல் செய்வதற்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதன் டிரைவர், மேக்ரோ எழுதிய எக்செல் தாள்கள் எனப் பத்துப் பொருள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை உருவினால் மாதக் கடைசியில் அபராதம் கட்டுவது யார்? போதாததற்கு, எங்கள் பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினியிலும் வானவில்லிலும் அடிக்கப்பட்டவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

ஜெர்மனியின் ம்யூனிக் நகராட்சியை யாரும் மறக்க வேண்டாம். 2003இல் முடிவெடுத்து, பத்து ஆண்டுகள் உழைத்து, 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பெரிய அமைப்பு அது. 2017இல் அதே நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது.

பாம்பனிலேயே பாருங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதிய பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே இல்லை. ஆனாலும் பக்கத்தில் சாலைப் பாலம் இருந்ததால் இராமேஸ்வரம் பிழைத்தது. உங்கள் நிறுவனத்துக்கு அந்தச் சாலைப் பாலம் எது என்று சொல்லுங்கள். பிறகு நானே கையெழுத்துப் போடுகிறேன்.

---

இராமநாதபுரம்_டீச்சர் எழுதியது:

கணக்கர் ஐயா ம்யூனிக்கைச் சொல்லிவிட்டுப் பிரான்சைச் சொல்லாமல் விட்டார். அந்நாட்டின் ஜான்தர்மெரி என்னும் காவல் படை 2005இல் முதலில் ஓப்பன் ஆபீஸ் என்ற திறமூல அலுவலகத் தொகுப்புக்கு மட்டும் மாறியது. பிறகு உலாவியும் மின்னஞ்சல் செயலியும் மாறின. 2008க்குப் பிறகுதான் உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பை அடித்தளமாகக் கொண்ட தமது இயங்குதளத்தைப் படிப்படியாக வைத்தார்கள். இன்று 70,000 கணினிகளுக்கு மேல் அதில்தான் இயங்குகின்றன. மேசையில் இருப்பவர் தினமும் தொடும் செயலிகள் ஏற்கெனவே பழகிவிட்டபடியால், அடியில் இருந்த இயங்குதளம் மாறியபோது பெரிய சலசலப்பு எழவில்லை. ஐயா கேட்கும் சாலைப் பாலம் இதுதான் என்று நினைக்கிறேன்: இரண்டு கரையிலும் ஒரே மாதிரி ஓடும் செயலியும், யாரும் திறக்கக்கூடிய கோப்பு வடிவமும்.

ஆனால் நம் மாநிலத்தில் நடந்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2011இல் தொடங்கி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. என் வகுப்பில் அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். பொருள் மோசமானது என்பதால் அன்று. எங்களுக்கே யாரும் சொல்லித் தரவில்லை, தேர்விலும் கேட்கவில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிக் கணினிப் பாடமும் செய்முறைத் தேர்வும் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கின்றன. அங்கே அது ஊன்றிவிட்டது. குறுவட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் பயிற்சி கொடுக்காத திட்டம், கடற்கரை மணலில் ஊன்றிய கம்பு போன்றது.

இராமேஸ்வரத்தில் பிறந்த கலாம் ஐயா குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2003 மே மாதம் புனேயில் பேசுகையில் நூறு கோடி மக்களின் நாட்டுக்குத் திறமூலமே பொருந்தும் என்ற கருத்தை வெளிப்படையாக வைத்தார். பில் கேட்ஸுடன் நடந்த சந்திப்பில் இதில் இருவரும் உடன்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய ஊர்க்கரையிலிருந்து இப்படி ஒரு கேள்வி எழுத வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

---

அக்கினிதீர்த்தம்_பழுதகம் எழுதியது:

டீச்சருக்கும் காக்காவுக்கும் வணக்கம். நான் கோவில் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உப்புக் காற்றில் மதர்போர்டு துருப்பிடித்து வருவதுதான் எனக்குப் பாதிப் பிழைப்பு. ஆகவே புதிய கணினி வாங்கினால் பத்து ஆண்டு உழைக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். இருப்பதை ஓடும் வரை ஓட்டுவதே நம் கரைக்கு ஏற்ற கணக்கு.

நிர்வாகம் கேட்கப்போகும் உண்மையான கேள்வி ஒன்றே ஒன்றுதான். இரவு இரண்டு மணிக்குக் கண்டெய்னர் வாசலில் நிற்கும்போது கணினி எழவில்லையென்றால் யாரைக் கூப்பிடுவது? இதற்கு ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுக்காமல் நூறு பக்கம் அறிக்கை கொடுத்தாலும் பயன் இல்லை. ரெட்ஹேட், சூசே, உபுண்டுவை வெளியிடும் கனானிகல் ஆகியவை பணத்துக்கு ஆதரவு தருகின்றன; சர்வருக்கு அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேசைக் கணினிகளுக்கு உள்ளூரில் இரண்டு பேரைப் பழக்கி ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். எனக்கு வேலை கேட்டு இதை எழுதவில்லை. கேட்டாலும் தவறில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு செய்தி. எடைத்தராசைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி-சீரியல் கம்பிகளில் பழைய புரோலிஃபிக் சில்லு இருந்தால், புதிய விண்டோஸ் டிரைவர் அதை ஏற்க மறுத்துவிடுகிறது. லினக்ஸில் அதே கம்பி செருகியவுடன் வேலை செய்கிறது. கொள்முதல் நிலையத்தில் தராசு நின்றால் என்ன ஆகும் என்பது உங்கள் நிர்வாகத்துக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள்.

---

மண்டபம்_கணினிப்பிரிவு எழுதியது:

காக்கா, டீச்சர், கணக்கர் ஐயா, பழுதகம் அண்ணன் அனைவருக்கும் நன்றி. தராசைப் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்தவுடன் கிடங்கில் பார்த்தேன். அதே சில்லுடன் ஒதுக்கி வைத்த கம்பிகள் பதினேழு கிடைத்தன.

கோப்பை முழுவதுமாக மாற்றி எழுதிவிட்டேன். "இலவசம்" இல்லை. 400 கணினிகளையும் ஒன்றாகக் கருதாமல் வேலையைப் பார்த்துப் பிரித்தேன். எடை வாங்குவது, லேபிள் அடிப்பது, கிடங்கின் வெப்பநிலையைப் பதிவது, உலாவியில் ஈஆர்பி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளைத் திறப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படும் கணினிகள் ஏறத்தாழ 230. இவற்றுக்கு விண்டோஸ் தேவைப்படும் காரணம் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. கணக்குப் பிரிவும், ஏற்றுமதி ஆவணப் பிரிவில் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்களும் இப்போதுள்ளபடியே இருக்கட்டும். ஆனால் இனிப் பிறக்கும் கோப்புகளைத் திறந்த வடிவத்தில் சேமிப்பது என்ற ஒரு கட்டளை மட்டும் எல்லோருக்கும் பொது.

காலத்தையும் குறித்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நம் கூடங்களில் வேலை குறையும் அந்த நாள்களில் படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து வண்ணம் அடிப்பதைப் போல நாங்களும் செய்யலாம்.

---

தொண்டி_கணக்கர் எழுதியது:

கணக்குப் பிரிவைத் தொடாமல் விட்டதற்காக நான் எதிர்ப்பைக் கைவிட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். உங்கள் நிர்வாகத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் இரண்டு கேள்விகள் கேட்பார்.

சர்வர்களுக்கான சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்பை 2029 வரை நம்பலாம் என்று எண்ணி நிறுவியவர்களுக்கு, 2021 இறுதியோடு முடித்துக்கொள்கிறோம் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அப்படியானால் இங்கேயும் ஒருவரின் விருப்பத்துக்கு நாம் கட்டுப்பட்டவர்கள்தானே? இன்னொன்று, 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு திறமூல நிரலில், நல்லவர் போலப் பல காலம் உடன் உழைத்த ஒருவரே பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்திருந்தது வெளிவந்தது. திறந்த நிரலை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்று திறமூலக்காரர்கள் சொல்வார்கள். கதவு வைக்கும் வரை அந்தக் கண்கள் எங்கே இருந்தன?

---

கீழக்கரை_காக்கா எழுதியது:

நல்ல கேள்விகள். இவற்றை நிர்வாகம் கேட்பதற்கு முன் நாமே கோப்பில் எழுதிவிடுவது நல்லது.

சென்ட்ஓஎஸ் செய்தி வந்த வாரம் நான் தூங்கவில்லை. அந்தக் கோபம் இன்றும் உண்டு. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் ஆகிய இரண்டும் 2021க்குள்ளாகவே வெளிவந்தன. எங்கள் சர்வர்களில் பெரும்பாலானவற்றைத் தரவைத் தொடாமல் அல்மாவுக்கு மாற்றினோம். வியாபாரி கடையை மூடினால், முன்பணம் வாங்காதவன் பக்கத்துக் கடைக்கு மீனை எடுத்துப் போகிறான். வேறுபாடு அவ்வளவுதான், அது சிறிய வேறுபாடு அன்று.

எக்ஸ்இசட் பற்றி: அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் இணைப்பு வழியாகக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்ற சந்தேகத்தில் தோண்டினார். நிரல் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. அவர் மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர் என்பது இதில் சுவையான செய்தி. ஆனால் அந்த நிரலைச் சம்பளமே இல்லாமல் பராமரித்தவர், களைத்துப்போன தனி மனிதர். பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே தம்பி, உரிமத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்குக் கொடுப்போம் என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். அது தருமம் அன்று. படகுக்கு மராமத்துச் செலவு.

ஒற்றை மென்பொருளை எல்லோரும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19ஐயும் குறிப்பிடலாம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. லினக்ஸிலும் அதே நிறுவனத்தின் மென்பொருள் சிக்கல் கொடுத்ததுண்டு. அதனால் இதை வெற்றி முழக்கமாகச் சொல்லாமல், நிறுவனத்துக்குள் இரண்டு வகை இயங்குதளம் இருப்பது பாதுகாப்பு என்ற அளவில் சொல்லுங்கள்.

---

மண்டபம்_கணினிப்பிரிவு எழுதியது:

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நிர்வாகம் 230க்கு ஒப்பவில்லை. இரண்டு கூடங்களில் 60 கணினிகளுக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்தது. என்னை வியப்பில் ஆழ்த்தியது, அவர்கள் ஒப்பிய காரணம். விலைப்புள்ளிப் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. படகுக்காரர், முன்பணம் என்ற பத்தியைத் தலைமை அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். காக்காவின் உவமை என்று நான் சொல்லவில்லை. மன்னிக்கவும்.

டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவினோம். முதல் வாரம் சிரமமாகவே இருந்தது. எந்தத் தராசின் எடையையும் கணினி படிக்கவில்லை. அதற்கான அனுமதி பெறப் பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்க வேண்டும் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. கூடத்தில் வேலை செய்யும் பெண்கள் கேட்டது ஒன்றுதான்: திரையில் தமிழ் வருமா? தமிழ்99 விசைப்பலகையுடன் யூனிக்கோடில் வந்தது. இதுவரை "எல்ஓடி", "ஜிஆர்டி" என்று ஆங்கிலக் குறியீடுகளை மனப்பாடமாகத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது "பூ நண்டு" என்று தெளிவாக எழுதுகிறார்கள். திரும்பப் பழைய திரையைக் கொண்டுவந்தால் ஒப்ப மாட்டோம் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மேலிடத்தில் கிடைத்த மிகப் பெரிய பரிந்துரை அதுதான்.

தோல்வியும் உண்டு. ஒரு கூடத்தின் மேலாளர் தம் மேக்ரோ தாள் லிப்ரே ஆபீஸ் என்ற திறமூல அலுவலகத் தொகுப்பில் உடைகிறது என்று கூறி, தம் கணினியை மட்டும் விண்டோஸுக்கே மாற்றிக்கொண்டார். அவரோடு வாதிடவில்லை.

எஞ்சிய சிக்கல் ஒன்றுக்கு உதவி தேவை. ஜீப்ரா லேபிள் பிரிண்டரில் அச்சடித்தால் முதல் லேபிள் சரியாக வருகிறது. அடுத்தடுத்தவை சிறிது சிறிதாகக் கீழே இறங்கி, பத்தாவது லேபிளில் பார்கோடு பாதி வெட்டுப்படுகிறது.

---

அக்கினிதீர்த்தம்_பழுதகம் எழுதியது:

தம்பி, லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் ஜீப்ரா இசட்பிஎல் டிரைவரைத்தானே தேர்ந்தெடுத்தீர்கள்? அதில் தாள் அளவு இயல்பாக உள்ளதிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் லேபிளின் சரியான அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து தனி அளவாகப் பதியுங்கள். லேபிள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும் சுருள் என்றால், ஊடக வகையைத் தொடர் தாளிலிருந்து இடைவெளித் தாளுக்கு மாற்றிவிட்டு, பிரிண்டரை ஒரு முறை கேலிபிரேட் செய்யுங்கள். பிறகும் இறங்கினால் உள்ளே சென்சாரில் ஐஸ் ஈரமும் உப்பும் படிந்திருக்கும்; ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாளை மண்டபம் பக்கம் ஒரு வேலையாக வருகிறேன், மாலை நான்கு மணிக்கு மேல் கூடத்தில் இருப்பீர்களா?

---

மண்டபம்_கணினிப்பிரிவு எழுதியது:

தொடர் தாள் என்றுதான் இருந்தது அண்ணன். மாற்றியதும் இருபது லேபிள்கள் அசையாமல் வந்தன. நாளை நான்கு மணிக்கு இருப்பேன். வாசலில் என் பெயரைச் சொல்லாமல் "லினக்ஸ்காரர்" என்று கேளுங்கள், காவலாளி வழிகாட்டுவார்.